பெட்டியில் வந்த காகிதங்கள்: ஐந்து வருடம் பழகிய பிறகு

ஐந்து வருடத்துக்கு முன் ஓர் அட்டைப்பெட்டி என் கைக்கு வந்தது. பைண்டிங் வேலையில் பல வருடம் ஊறிய ஓர் அக்கா, மணிக்கட்டு வலி தாங்காமல் அதை விட்டுவிட்டார். மிச்சமிருந்த காகிதம், பிளேடு, தாளில் வடிவம் குத்தும் பஞ்ச், பாதிப் பசை என எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தார். “எது என்னன்னு எனக்கே மறந்துபோச்சு. தொட்டுப் பாத்து நீயே தெரிஞ்சுக்கோ” என்றார். அதுவரை நான் சார்ட் பேப்பரையும் பிரின்டர் தாளையும் தாண்டியதில்லை.

அன்றிலிருந்து புதிய காகிதம் என்று நான் பழகியது பெரும்பாலும் இன்னொருவர் மிச்சம் வைத்ததுதான். நானும் அதேபோல் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு முழுக் கட்டு வாங்கி, பிடிக்காமல் அலமாரியில் கிடத்துவதைவிட, யாரோ தந்த நான்கு தாளில் கை பழகிவிட்டு முடிவெடுப்பது எவ்வளவோ மேல். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கைமாறும் காகிதத்துக்கு உறை இருக்காது, பெயர் இருக்காது, எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்) என்று தெரியாது. அதனால்தான் என் முதல் பெரிய தவறு நடந்தது.

அந்தப் பெட்டியில் பழுப்பு கலந்த வெள்ளையில் ஒரு கட்டுத் தாள் இருந்தது. தடிமனாக, தொட இதமாக இருந்தது. தோழிக்குக் குழந்தை பிறந்தபோது அதில் விசிறி மடிப்பு ஆல்பம் ஒன்று செய்து கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அவள் வீட்டில் அதைத் திறந்து பார்த்தபோது மனசு கனத்துப்போனது. வெளிச்சம் பட்ட ஓரங்கள் பழுப்பேறியிருந்தன, இரண்டு மடிப்புகள் பிளந்திருந்தன. அதைவிட மோசம், அந்தத் தாளை ஒட்டியிருந்த நல்ல வெள்ளை அட்டையிலும் அதே பழுப்பு இறங்கியிருந்தது. தோழி ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் தூங்கவில்லை.

பிறகுதான் காரணம் தேடினேன். மரத்தை அப்படியே அரைத்துச் செய்த கூழில், மர இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகிறது. கூடவே அமிலமும் இருந்தால் இழைகள் துண்டுதுண்டாகி, தாள் மடிப்பில் முறிகிறது. அந்த அமிலம் பக்கத்துத் தாளுக்கும் பரவும். மரக்கூழ்த் தாள் வந்ததே 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அதற்கு முன் ஐரோப்பாவில் காகிதம் பழைய பருத்தி, லினன் துணிகளிலிருந்து வந்தது. மேரி டெலனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 70 வயதைக் கடந்த பிறகு, 1770களில், வண்ணத்தாளை மெல்லிசாக வெட்டி ஒட்டி நூற்றுக்கணக்கான மலர்களைச் செய்தார். கருப்புப் பின்னணியில் ஒட்டிய அந்த மலர்கள் இன்றும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. என் ஆல்பத்துக்கு ஆயுள் இரண்டு வருடம்!

இப்போது பெயரில்லாத தாள் எது வந்தாலும் மூன்று சோதனை செய்யாமல் பெட்டியிலிருந்து நகர்த்துவதில்லை.

முதலாவது எடை. ஏ0 தாளின் பரப்பு கிட்டத்தட்ட 1 சதுர மீட்டர். அதில் பதினாறில் ஒரு பங்கு ஏ4. ஆகவே ஒரு ஏ4 தாளின் எடையை 16ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். சமையலறைத் தராசில் ஒரே தாளை வைத்தால் முள் அசையாது, அதனால் பத்துத் தாள் வைப்பேன். 50 கிராம் காட்டினால் ஒரு தாள் 5 கிராம், அதாவது 80 ஜிஎஸ்எம். 100 கிராம் காட்டினால் 160. ஏ4 அளவில் இல்லாவிட்டால் 10 சென்டிமீட்டர் சதுரங்களாகப் பத்து வெட்டிக்கொள்ளலாம். மொத்த எடையைப் பத்தால் பெருக்கினால் போதும்.

இரண்டாவது இழையோட்டம். இயந்திரத்தில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு வழுவழுவென விழும். குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடிக்கும். ஓரத்தில் சிறு துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரம் தொட்டால் தாள் குழாய்போல் சுருளும். அந்தக் குழாயின் நீளவாக்குத்தான் இழையோடும் திசை. இதை அக்கா எனக்குச் சொன்னது பிறகு ஒருநாள், நான் வெடித்த மடிப்பைக் கொண்டுபோய்க் காட்டியபோது. “தண்ணி தொட்டுப் பாத்தியா?” என்ற ஒரே கேள்விதான் கேட்டார்.

மூன்றாவது அமிலச் சோதனை. இதற்கென்றே விற்கும் பேனாவால் ஒரு கோடு இழுத்தால், அமிலமற்ற தாளில் கோடு ஊதாவாக மாறும், அமிலத் தாளில் மஞ்சளாகவே நிற்கும். வண்ணத் தாளில் இது தெரியாது. மேற்பரப்பைப் பற்றி மட்டுமே சொல்லும் சோதனை இது. உள்ளே லிக்னின் இருக்கிறதா என்று சொல்லாது. ஆனாலும் அந்த ஒரு கோடு அன்றே இழுத்திருந்தால் ஆல்பம் பிழைத்திருக்கும்.

இனி, பழகிய காகிதங்களைப் பற்றி.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது கோசோ. வாஷி எனப்படும் ஜப்பானின் பாரம்பரியக் காகித வகைகளில் ஒன்று, மல்பெரி இனச் செடியின் உள்பட்டையில் செய்வது. முதல் பார்வையில் ஊதினால் பறக்கும் மெல்லிய தாள், இதில் என்ன செய்ய முடியும் என்றுதான் நினைத்தேன். இழுத்துப் பார்த்தபோது கிழியவில்லை. இழைகள் அவ்வளவு நீளம். கத்தரிக்கோலால் வெட்டுவதைவிட, ஈரத் தூரிகையால் ஒரு கோடு போட்டு மெல்லப் பிரித்தால், ஓரம் பஞ்சுபோல் இழையிழையாக வரும். அந்த இழைகள் அடுத்த தாளில் படிந்து ஒட்டும்போது விளிம்பே தெரியாது. பழைய நூல்களைச் செப்பனிடுகிறவர்கள் கிழிசலை ஒட்ட கோதுமை ஸ்டார்ச் பசையோடு இதைப் பயன்படுத்துவது ஏன் என்று அப்போது புரிந்தது. பிளந்த என் ஆல்ப மடிப்புகளையும் இப்படித்தான் ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன். மூன்று வருடமாக அந்த ஒட்டு அப்படியே நிற்கிறது, சுற்றியுள்ள தாள்தான் இன்னும் பழுப்பாகிக்கொண்டிருக்கிறது. கூர்மையான மடிப்பு கேட்கும் ஒரிகாமி என்ற காகித மடிப்புக் கலைக்கு மட்டும் கோசோ தனியாகச் சரிப்படவில்லை. மெத்தில் செல்லுலோஸ் என்ற பசைப்பொடியின் கரைசலைத் தடவிக் காயவைத்த பிறகு ஓரளவு விறைப்பு வந்தது.

டிரேசிங் பேப்பர் போன்ற ஒளிபுகும் தடித்த தாள் என்னை நிறையச் சோதித்தது. அதில் கூழை அளவுக்கு மீறி அரைத்து, இழைகளுக்கு நடுவே காற்றே இல்லாமல் நெருக்கிவிடுகிறார்கள். அதனால்தான் வெளிச்சம் சிதறாமல் ஊடுருவுகிறது. விளக்குக் கூடு செய்தால் அழகு சொல்லி மாளாது. ஆனால் ஈரப் பசை பட்ட இடமெல்லாம் நெளியும், விரல் ரேகை படியும், மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். முதல் ஒரு வருடம் அந்த வெள்ளைக் கோட்டைக் குறையென்று எண்ணி ஒதுக்கினேன். பிறகு அடியில் மென்மையான ஃபோம் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் பின்பக்கம் அழுத்திக் கோலமிட்டபோது, அதே வெள்ளை சரிகை வேலைபோல் எழும்பி வந்தது. இப்போது அந்தத் தாளை அதற்காகவே எடுக்கிறேன். ஒட்டுவதற்கு வெளியே தெரியாத இடத்தில் மெல்லிய இரட்டைப்பக்க டேப் போதும்.

டைவெக் காகிதமே அல்ல. நுண்ணிய பாலிஎத்திலீன் இழைகளை வெப்பத்தால் இணைத்த தாள். தபால் உறையாகவும் கட்டடச் சுவர்களில் போர்த்தும் உறையாகவும் வருவது. யாரோ ஒருவர் பயன்படுத்திய உறைகளைப் பத்துப் பதினைந்து சேர்த்துத் தந்தார். கிழிக்க முடியாது, நனைந்தால் ஒன்றும் ஆகாது, கசக்கக் கசக்கத் துணிபோல் மென்மையாகும். அக்ரிலிக் வண்ணம் நன்றாகப் பிடித்தது. நான் செய்த சிறு பர்ஸ் ஒன்று நான்கு வருடமாகத் தினமும் பையில் கிடக்கிறது. மூலைகளில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது, தையல் விட்டிருக்கிறது, ஆனால் தாள் அப்படியே. வெள்ளைப் பசை மட்டும் எனக்குக் கைகொடுக்கவில்லை. காய்ந்த பின் தோல்போல உரிந்து வந்தது. தைப்பதே நல்லது. இஸ்திரிப் பெட்டியைக் காட்டினால் சுருங்கிக் கொப்புளிக்கும் என்று கேள்விப்பட்டுச் செய்து பார்த்தேன். தோற்றம் அருமை, ஆனால் அது உருகும் பிளாஸ்டிக். ஜன்னலைத் திறந்துவைத்து, குறைந்த சூட்டில், நடுவில் பேக்கிங் பேப்பர் வைத்து மட்டுமே செய்ய வேண்டும். குழந்தைகளோடு வேண்டாம்.

கல் காகிதமும் ஒருமுறை வந்தது. பெரும்பங்கு சுண்ணாம்புக்கல் தூள், மிச்சம் பிளாஸ்டிக். எழுத வழுவழுப்பு, மடித்தால் மடிப்பு நிற்பதில்லை. வெட்டும் துண்டுகளைக் காகிதக் கழிவோடு போடவும் முடியாது. இரண்டு தாளோடு நிறுத்திவிட்டேன்.

காகிதத்தைவிடக் கருவிகளையும் வண்ணங்களையும் கைமாற்றுவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். காய்ந்துபோன வாட்டர்கலர் டியூபைத் தூக்கி எறியாதீர்கள். அதைப் பிணைத்திருப்பது தண்ணீரில் கரையும் வேலம்பிசின் வகைப் பசை. டியூபைக் கிழித்து உள்ளே இருக்கும் கட்டியை ஒரு மூடியில் வைத்து, ஈரத் தூரிகையால் தொட்டால் மீண்டும் வண்ணம் தரும். ஒளிபுகா வாட்டர்கலரான சாதாரண குவாஷும் அப்படியே. அக்ரிலிக் மட்டும் காய்ந்துவிட்டால் அவ்வளவுதான், எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் திரும்பாது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு முழு வாட்டர்கலர் தொகுப்பைக் குப்பையில் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

கட்டிங் மேட் வாங்கும்போது சமமான மேசையில் விரித்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த மேட் மூலை தூக்கிவிடும். அதில் வைத்து வெட்டினால் ஸ்கேல் நழுவும், விரலுக்கு ஆபத்து. மழுங்கிய பஞ்ச் கருவியை அலுமினிய ஃபாயிலில் பத்துப் பதினைந்து முறை குத்தினால் ஓரளவு கூர் திரும்பும், மெழுகுத்தாளில் குத்தினால் இறுக்கம் தளரும். அக்காவின் பூப் பஞ்ச் இன்னும் இப்படித்தான் ஓடுகிறது. பயன்படுத்திய பிளேடுகளை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. மூடி போட்ட தகர டப்பாவில் சேர்த்துவைத்துத் தனியாக அப்புறப்படுத்துகிறேன்.

பூஞ்சை வாடை வரும் தாளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், மற்றத் தாளோடு வைக்க மாட்டேன். ஒருமுறை வைத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது நான் கொடுக்கும் ஒவ்வொரு கட்டோடும் ஒரு சீட்டு போகிறது. எத்தனை ஜிஎஸ்எம், இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஓர் அம்புக்குறி, பேனாக் கோடு என்ன நிறம் காட்டியது, எந்தப் பசை பிடித்தது, எது பிடிக்கவில்லை, எனக்கு எங்கே சொதப்பியது. குறையை முதலில் எழுதுகிறேன். அமிலத் தாளையும் கொடுக்கிறேன், “அழகு, ஆனால் நிலைக்காது. மாதிரி செய்து பழக மட்டும்” என்று எழுதிவிடுவேன். அப்படி எழுதியதால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பழகிப் பார்க்க நிறையத் தாள் தேவைப்படுகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பலர் அதே சீட்டில் தங்கள் அனுபவத்தையும் எழுதி அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். கோசோவுக்கு மெத்தில் செல்லுலோஸ் பூசலாம் என்று எனக்குச் சொன்னதே அப்படி வந்த ஒரு வரிதான், கையெழுத்து யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

இந்த வாரம் அடுத்த பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கோசோ ஆறு தாள், டைவெக் உறை எட்டு, வெள்ளைப் புள்ளி விழுந்த டிரேசிங் ஒரு கற்றை, பாதி வாட்டர்கலர் கட்டிகள். யானைத்தோல் என்று பெயர்கொண்ட ஜெர்மன் தாள் ஒன்று மட்டும் மேசையில் தனியாகக் கிடக்கிறது. பைண்டிங்குக்குப் போகும் வகை, சுமார் 110 ஜிஎஸ்எம், மேலே கல்லில் ஓடும் நரம்புபோல் மெல்லிய வரிகள். ஜப்பானிய ஒரிகாமிக் கலைஞர் யோஷிசாவா அகிரா வழிகாட்டிய ஈரமடிப்புக்கு இதைவிடத் தோதான தாள் என் கையில் அகப்பட்டதில்லை: ஈரத்துணியால் தொட்டு வளைத்தால் களிமண்போல் இசைந்து, காய்ந்ததும் அதே வளைவில் உறைந்து நிற்கும். அக்கா தந்த முதல் பெட்டியில் இருந்ததில் இதுதான் கடைசித் தாள். சீட்டு எழுதிவிட்டேன், பெட்டியில் இன்னும் வைக்கவில்லை. முன்பு செய்த ஆமைக்கு ஓடு சரியாக வளையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாதித் தாளில் அதை மறுபடி செய்து பார்த்துவிட்டு, மற்றப் பாதியை அனுப்புகிறேன்.