டங்ஸ்டனா 916ஆ, வாடகைக் கவுனா தைத்த கவுனா: இரண்டையும் பார்த்த எங்கள் வீட்டுக் கணக்கு

தம்பிக்கு ஜனவரியில் கத்தோலிக்கக் கோவிலில் கல்யாணம். போன சனிக்கிழமை அவனோடு பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நான்கு நகைக்கடை ஏறி இறங்கினேன். கறுப்பு டங்ஸ்டன் மோதிரம் ஒன்றைப் பார்த்தவன் அதைவிட்டு நகரவில்லை. 2014இல் என் கணவரும் இதே மாதிரி ஒரு தட்டின் முன்னால் நின்றார், அதையேதான் எடுத்தார். இன்று அவர் விரலில் இருப்பது 916 தங்கம், அதாவது 22 காரட். இரண்டையும் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டோம் என்பதால், தம்பிக்கு வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் கவுனை வாடகைக்கு எடுப்பதா, தைப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் மோதிரம். எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கல்யாணத்தில் பெண்ணுக்கு மோதிரத்தோடு தாலியும் உண்டு. ஆணுக்கு அந்த ஒரு மோதிரம்தான். அதனால் அதைச் சும்மா ஒரு நகையாக நினைத்து எடுக்க எனக்கு மனம் வராது.

நம் மலேசியாவில் முஸ்லிம் ஆண்கள் தங்கம் போடுவதில்லை. அதனாலேயே பெரிய நகைக்கடைகளில் பல்லேடியம், பிளாட்டினம், டங்ஸ்டன், டைட்டானியம் என்று ஆண்களுக்குத் தனித் தட்டே வைத்திருக்கிறார்கள். பார்க்க நிறைய இருக்கிறது. விலை, நிறம், கனம் எல்லாம் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் நின்றால் தெரியாதது வேறு ஒன்று: நாளைக்கு விரல் மாறினால் இந்த மோதிரத்தை என்ன செய்வது?

டங்ஸ்டன் என்று கடையில் சொல்வது டங்ஸ்டன் கார்பைடு. உலோகம் வெட்டும் கருவிகளின் முனையில் வைக்கிற அதே பொருள். அதன் தூளோடு நிக்கலோ கோபால்ட்டோ சேர்த்து, அச்சில் அழுத்தி, சூளையில் இறுகவைக்கிறார்கள். கடினத்தில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9ஐ ஒட்டி வரும். ஐந்து வருடம் போட்டும் என் கணவரின் மோதிரத்தில் ஒரு கீறல் விழவில்லை. வாங்கிய அன்று இருந்த பளபளப்பு கடைசி நாள்வரை இருந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் மட்டும் எதைச் சேர்த்துச் செய்தது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. வேலை நேரத்தில் மோதிரம் போடக்கூடாது. சுழலும் இயந்திரத்தில் மோதிரம் சிக்கினால் விரலே போய்விடும். அதனால் காலையில் கழற்றி லாக்கரில் வைப்பார், மாலையில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். 2019இல் ஒரு நாள் அப்படி மாட்டிக்கொண்டு வந்தவர், பாலம் தாண்டி, பட்டர்வொர்த் வீட்டுக்குப் பக்கத்துத் திருப்பத்தில் மழைத் தண்ணீரில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். இடது கையை ஊன்றிவிட்டார். கிளினிக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் மோதிரத்துக்கு மேலும் கீழும் சதை பிதுங்கி, நுனி நீலம் பாரித்துவிட்டது. சோப்பு போட்டார்கள், ஐஸ் வைத்தார்கள், விரலைச் சுற்றி நூல் இறுக்கி உருவிப் பார்த்தார்கள். அசையவில்லை. மோதிரம் அறுக்கும் சின்னச் சக்கரத்தை வைத்தால் அது வழுக்கிக்கொண்டு போனது, ஒரு கோடுகூட விழவில்லை.

கடைசியில் அவரே, "வீட்ல என் பெட்டியில வைஸ் கிரிப் இருக்கு, அப்பாவை எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். மாமனார் அந்தப் பூட்டுக் குறட்டைக் கொண்டு வந்தார். குறட்டின் வாயை மோதிரத்தின்மேல் வைத்துப் பூட்டி, எடுத்து, திருகை அரைச் சுற்று முறுக்கி மறுபடி பூட்டி, இப்படி நாலாவது தடவையில் "டக்"கென்று மூன்று துண்டாக விழுந்தது. டங்ஸ்டன் கார்பைடு வளையாது, அழுத்தம் தாங்காவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும். கழற்றுகிற வழியும் அதுதான். விரல் பிழைத்தது. எலும்பு முறியவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு வலித்தது. பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த மோதிரம், பீடத்தின் முன்னால் நான் அவர் விரலில் மாட்டியது. அந்த மூன்று துண்டையும் எந்தப் பத்தராலும் ஒட்டவைக்க முடியாது, உருக்கி வேறு செய்யவும் முடியாது. கடையில் கேட்டால் குறைந்த விலைக்குப் புதிது தருகிறோம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அது வேறொரு மோதிரம். "மந்திரிச்சதைக் குப்பையில போடக்கூடாது" என்று அத்தை சொல்லிவிட்டார். மல்லிகைத் தொட்டியில் புதைத்தோம்.

தங்கத்தையும் அவசரத்துக்கு அறுக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் சின்னச் சக்கரமே போதும், ஒரே இடத்தில் வெட்டு விழும், வீக்கம் வடிந்ததும் பத்தர் அதே இடத்தில் பற்றவைத்துக் கையில் கொடுத்துவிடுவார். தம்பியிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

அந்த வருடமே 916இல் புதிதாகச் செய்யக் கொடுத்தோம். அகலம் 5 மில்லிமீட்டர், உட்பக்கம் லேசாக உருண்டை, எடை ஒரு பவுனுக்குச் சற்று மேல். அப்போது கிராம் 200 ரிங்கிட்டை ஒட்டி இருந்தது. 916 என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், மென்மையானது, கீறல் விழாமல் இருக்காது. அதற்காகவே மேற்பரப்பை வழவழப்பாக விடாமல் சுத்தியலால் பொடிப்பொடியாகத் தட்டித் தரச் சொன்னோம். தட்டின குழிகளுக்கு நடுவே புதுக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, பார்க்கவும் தனியாக இருக்கிறது. உள்ளே எங்கள் பெயரின் முதல் எழுத்துகளைத் தமிழில் வெட்டச் சொன்னோம்.

2023இல் அவருக்கு உடம்பு போட்டது. மோதிரம் விரல் கணுவைத் தாண்ட அடம்பிடித்தது. பத்தரிடம் கொண்டுபோனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எழுத்து எந்தப் பக்கம் இருக்கு?" எழுத்துக்கு நேர் எதிரே அறுத்து, கொஞ்சம் விரித்து, இடைவெளியில் ஒரு பயறளவு 916 துண்டு வைத்துப் பற்றவைத்து, மேலே மறுபடி சுத்தியலால் தட்டிக் கொடுத்தார். இரண்டு நாள் ஆனது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒட்டின இடம் தெரியவில்லை. எழுத்தும் அப்படியே இருந்தது.

தங்கம் என்றாலே எல்லாம் இப்படித் திருத்த வரும் என்று நினைத்துவிடாதீர்கள். சுற்றிலும் கல் பதித்தது, முழு வட்டத்துக்கும் பின்னல் வேலை ஓடுவது, நடுவில் வேறு உலோகம் பதித்தது, இவற்றை அறுத்தால் வடிவம் குலையும். வித்தியாசமாக வேண்டும் என்றால் வேலைப்பாட்டை மேல் பாதியில் மட்டும் வைத்து, கீழே கொஞ்ச தூரம் வெறுமையாக விடச் சொல்லுங்கள்.

மற்ற உலோகங்களைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் குறைவு. கொழுந்தனார் இரண்டு வருடமாக டைட்டானியம் போடுகிறார். கனம் தங்கத்தில் கால் பங்குதான், போட்டிருப்பதே தெரியவில்லை என்கிறார். ஆனால் அதைச் சாதாரணப் பட்டறையில் அறுத்து ஒட்ட முடியாது. பிளாட்டினத்தைத் திருத்தலாம், ஆனால் தங்கம் உருகுவது 1,064 டிகிரி செல்சியஸில் என்றால் பிளாட்டினத்துக்கு 1,768 வேண்டும். அதற்கான பட்டறை இருக்கிறதா என்று வாங்குமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. 750 தங்கம் (நூற்றுக்கு 75 பங்கு) 916ஐவிடக் கடினம். கையால் கரடுமுரடாக வேலை செய்பவருக்கு அதுவும் பொருந்தும், திருத்தவும் வரும்.

விற்கிற கணக்கைப் பலர் முதலில் கேட்பார்கள், எனக்கு அது இரண்டாவதுதான். 2025 முடிவதற்குள் 916 கிராம் 500 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. மாற்றும்போது செய்கூலி போய்விடும், அன்றைய விலையிலும் கொஞ்சம் பிடிப்பார்கள். அப்படியும் கையில் ஒன்று மிஞ்சும். அந்த மல்லிகைத் தொட்டியில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சரி, கவுனுக்கு வருகிறேன். இங்கேயும் நான் கேட்கிற கேள்வி அதேதான்: பின்னால் பிரித்துத் தைக்க வருமா?

வாடகையில் வசதி அதிகம். படம், ஒப்பனை, கவுன் எல்லாம் ஒரே இடத்தில் முடியும், போட்டுப் பார்க்க முப்பது நாற்பது இருக்கும். கோலாலம்பூர்ப் பக்கம் பெட்டாலிங் ஜெயா எஸ்எஸ்2இல் வரிசையாகக் கல்யாண ஸ்டூடியோக்கள். நானும் முதலில் அங்கேதான் ஏறினேன். எனக்குப் பிடித்த ஒன்று மார்புக்குச் சற்று இறுக்கம். பெரிதாக இருந்தால் பின்னால் கிளிப் போட்டு இழுத்துவிடுவார்கள், தையல் போட்டும் குறைப்பார்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே விடத் துணி இருக்க வேண்டுமே. பத்துப் பேருக்குக் குறைத்துக் குறைத்துத் தைத்த உடம்பு அது.

ஆகவே தைத்தேன். லேஸ் வாங்கக் கோலாலம்பூரில் துணிக்கடைகள் நிறைந்த ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் தெருவுக்குப் போனேன். மலாய்ப் பெண்கள் நிக்காஹ்வுக்கு வெள்ளையும் கிரீமும் அதிகம் உடுத்துவதால் மணி கோத்த வெள்ளை லேஸ் அங்கே மீட்டர் கணக்கில் எத்தனையோ விதம் கிடைக்கிறது. உள்ளே பருத்தி லைனிங் வைக்கச் சொன்னேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாலியஸ்டர் சாட்டினை நேரே தோலில் போட்டு ஒன்றரை மணி நேரத் திருப்பலியில் நிற்க முடியாது. தையல்கார அக்காவிடம் நான் சொன்னது, ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது நம் எல்லோர் வீட்டிலும் சொல்வதுதான்: "அக்கா, ரெண்டு பக்கமும் உள்ள ஓர் அங்குலம் துணி விடுங்க, பின்னால பிரிச்சுக்கலாம்." முதுகில் ஜிப்புக்குப் பதில் கயிறு கோத்துக் கட்டுகிற மாதிரி வைத்தார். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் உடம்பு இளைத்தபோது கயிற்றை இழுத்துக் கட்டியதோடு சரி.

அந்தக் கவுனில் எல்லோரும் தொட்டுப் பார்த்தது அடிக்கரையை. அம்மாவின் கல்யாணப் புடவை கிரீம் நிறக் காஞ்சிப் பட்டு, உடல் இற்றுப்போய்விட்டது, ஜரிகைக் கரை மட்டும் உறுதியாக இருந்தது. அம்மாவே கத்தரி எடுத்துக் கரையைப் பிரித்துக் கொடுத்தார். தரையில் புரளும் பின்பகுதி முழுக்க அது ஓடியது. அப்படி ஒன்றை எந்த ஸ்டூடியோவிலும் தேடி எடுக்க முடியாது.

துணியும் கூலியும் சேர்த்து 1,900 ரிங்கிட் ஆனது. ஸ்டூடியோவில் வாடகை 1,200 கேட்டார்கள். வித்தியாசம் 700. அதற்கப்புறம் சித்தி மகள் 2017இல் பக்கத் தையலைப் பிரித்துவிட்டு அதைப் போட்டாள். போன வருடம் என் மகள் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குப் பாவாடைப் பகுதியை வெட்டிச் சின்ன கவுன் தைத்தோம், கீழே அதே ஜரிகைக் கரை.

வைத்துக் காப்பது வேலைதான். கல்யாணம் முடிந்த வாரமே சலவைக்குக் கொடுத்துவிடுங்கள். குளிர்பானம் சிந்தியது காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, சில மாதத்தில் பழுப்பாக மேலே வரும். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நம் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடிக்கும். பட்டுப்புடவைக்குச் செய்வதுபோல் துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வைப்பேன். ஜரிகையில் அந்துருண்டை படவிடுவதில்லை.

தம்பிக்கு வரப்போகிற பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு வாடகையே போதும் என்று முடிவு செய்திருக்கிறாள். அவளுக்கு ஈப்போவில் வேலை, நான்கு தடவை தையல்காரரிடம் வந்து நிற்க விடுப்பு கிடையாது. நியாயமான காரணம். கல்யாண வாரத்தில் இன்னொரு முறை போட்டுப் பார்க்க விடுவார்களா என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

தம்பி 916க்கு வந்துவிட்டான், மேலே சுத்தியல் தட்டு வேலை, கீழே வெறுமை. இன்னும் அளவு முடியவில்லை. சனிக்கிழமை மதியம் வெயிலில் நடந்து போய்க் கொடுத்த அளவுக்கும், மறுநாள் காலை எடுத்ததற்கும் ஒரு சுற்று வித்தியாசம் வந்தது. வெயிலில் விரல் உப்பும், காலைக் குளிரில் சுருங்கும். இந்த வாரம் வேலை முடிந்து ஒரு மாலை போகிறோம், அதைப் பார்த்துவிட்டுத்தான் பத்தர் தங்கத்தை வளைப்பார்.