சியோலைட் அரைக்கக் கொடுத்தேன், பாதி மாவு பாதி குறுணி

கோழிக்கூட்டு நாற்றம் தாங்காமல் நாற்றத்தைப் பிடிக்கும் சியோலைட் என்ற கனிமக் கல் 25 கிலோ வாங்கி, கோண்டாவில் பக்கம் ஒரு மில்லில் அரைக்கக் கொடுத்தேன். 200 மெஷ் சல்லடையில் சலியும் மாவாக, அதாவது 75 மைக்ரோனுக்குக் (0.075 மி.மீ.) கீழே வேண்டும் என்றேன். "அதுக்கென்ன தம்பி, செய்யலாம்" என்றார் மில் அண்ணை. வந்தது பாதி மாவு, பாதி குறுணி. சுத்தியல் மில்லில் அவ்வளவுதான் வரும், அதை முதலே சொல்லியிருக்கலாம்.

சரி, பிழை என்னுடையதும்தான். கூட்டில் நாற்றமாக வரும் அமோனியாவை அமோனியமாகப் பிடிப்பது கல்லுக்குள் இருக்கும் நுண்துளைகள், அரைத்தால் அவை அதிகமாகாது, வெளிப்பரப்பு கூடி, பிடிக்கும் வேகம்தான் கூடும், கூட்டுக்குக் குறுணியே போதும், மாவு என்றால் கோழிக்கும் நமக்கும் மூச்சுக்குள் தூசுதான். உருண்டைகள் போட்டுச் சுழற்றும் மில்லில் (ball mill) மணிக்கணக்காக உலர அரைத்தால் படிக அமைப்பே குலைந்து துளைகள் போய்விடும். மிக நைசாக வேண்டிய தொழிற்சாலைகள் தண்ணீரோடு சேர்த்து அரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூலி நியாயம், ஒரே நாளில் தந்தார்கள். ஆனால் பையைத் திறந்ததும் தும்மல் நிற்கவில்லை, முன்னுக்கு மிளகாய் அரைத்துவிட்டு மில்லைத் துடைக்கவே இல்லை. எனக்குப் பிறகு மிளகாய் கொண்டுபோனவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.