விலை குறைந்த மடக்குக் கத்தி: ஒப்பினெலா, விக்டோரினாக்ஸா, கிளிப் கத்தியா?

விலை குறைந்த மடக்குக் கத்தி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகைகளுக்கு நடுவே வந்து நிற்பார்கள். முதலாவது, மரப்பிடி போட்ட பிரெஞ்சு ஒப்பினெல். இரண்டாவது, பல கருவிகளை ஒன்றாக மடக்கி வைத்த ஸ்விஸ் விக்டோரினாக்ஸ். அப்புறம், ஒரு கையாலேயே திறக்கக்கூடிய, பாக்கெட்டில் மாட்டிக்கொள்ளக் கிளிப் வைத்த இன்றைய பாணிக் கத்திகள். இந்தக் கடைசி வகையைப் பல கம்பெனிகள் செய்கின்றன. விலை குறைந்தவற்றில் பெரும்பாலானவை சீனத் தயாரிப்பு. மூன்றும் நல்ல பொருள்கள்தான். ஆனால் ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று அதே தரத்தில் செய்யாது. ஒன்றுக்குப் போதுமான பராமரிப்பு இன்னொன்றுக்குப் போதாது.

வாங்குபவர்கள் முதலில் கேட்பது "என்ன ஸ்டீல்?" என்றுதான். இந்த விலை வரம்பில் அதை இரண்டாவதாகக் கேட்டால் போதும். முதலில் பார்க்க வேண்டியது அலகு எவ்வளவு மெல்லியது என்பதை. வெட்டுவாயின் கூர் மட்டும் வெட்டுவதில்லை. வாய்க்குப் பின்னால் இருக்கிற உலோகமும் வெட்டுப்பட்ட இடத்துக்குள் நுழைந்தாக வேண்டும். அங்கே தடித்திருந்தால், எவ்வளவு உயர்ந்த ஸ்டீலாக இருந்தாலும் கத்தி ஆப்பிளை அறுக்காது, பிளக்கும். மெல்லிய அலகு சாதாரண ஸ்டீலில் இருந்தால்கூட சிரமமில்லாமல் இறங்கும்.

இந்த அளவுகோலை வைத்தால் ஒப்பினெல்தான் முன்னால் நிற்கிறது.

ஒப்பினெல்

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-ல் உருவாக்கிய கத்தி இது. 1897-ல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுகள் வந்தன. பெரும்பாலான கைகளுக்கு 8-ம் எண் பொருந்தும்: அலகு 8.5 செ.மீ., எடை 50 கிராமுக்கும் குறைவு. பீச் மரப்பிடி, அலகு, ஒரு ரிவெட், இரண்டு உலோக வளையங்கள், அவ்வளவுதான் அமைப்பு. 1955-ல் மார்செல் ஒப்பினெல் சேர்த்த சுழல் வளையம்தான் பூட்டு. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பிவிட்டால், அழுத்தி வேலை செய்யும்போது அலகு விரல் மேல் மடங்காது. 6-ம் எண்ணுக்குக் கீழே உள்ள சிறிய அளவுகளில் இந்த வளையம் இல்லை என்பதை வாங்கும்போது கவனத்தில் வையுங்கள்.

பழம் நறுக்க, ரொட்டி வெட்ட, குச்சி சீவ, இந்த விலையில் இதற்கு ஈடாக எதையும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வாங்கிய அன்றைக்கு இருக்கிற கூர் சுமார்தான், ஆனால் கல்லில் கொஞ்ச நேரம் தீட்டினாலே அலகின் மெல்லிய வடிவம் தன் வேலையைக் காட்டிவிடும்.

குறை, மரத்தில் இருக்கிறது. ஈரம் பட்டால் பிடி ஊதும். அலகு மடங்கி உட்காருகிற பிளவு நெருங்கி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நகத்தால் திறக்கவே முடியாமல் போவதுண்டு. சவோய்க்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வளையத்தைப் பூட்டாத நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகின் முனை வெளியே எட்டிப் பார்க்கும். அதைப் பிடித்து இழுத்துத் திறப்பார்கள். நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டுமென்றால், மரம் நன்றாக உலர்ந்திருக்கும்போது அலகு திரும்புகிற அச்சுப் பகுதியிலும் பிளவின் உட்பக்கத்திலும் மினரல் எண்ணெயோ தேன்மெழுகோ ஊற விடலாம். அதன் பிறகும் இறுகினால், பிளவின் உட்புறத்தை மெல்லிய உப்புத்தாளால் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தால் கோடையில் அலகு தளர்ந்து ஆடும்.

ஒப்பினெலிலேயே இன்னொரு தேர்வும் இருக்கிறது: கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா? கார்பன் அலகின் ஸ்டீல் எக்ஸ்.சி.90, கார்பன் ஏறத்தாழ 0.9 சதவீதம். ஸ்டெயின்லெஸ் அலகு ஸ்வீடனின் 12சி27, குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல். கார்பன் கல்லில் சீக்கிரம் கூரேறும், அந்தக் கூரும் மிக நுண்மையானது. ஆனால் எலுமிச்சையையோ வெங்காயத்தையோ வெட்டிவிட்டு அப்படியே வைத்தால் கறுத்துப் போகும், ஈரத்தோடு மடக்கினால் மறுநாளே துரு காணலாம். கறுப்பையும் துருவையும் ஒன்றாக நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். சாம்பலும் நீலமுமாகப் படிகிற அந்தக் கறை ஒரு ஆக்சைடு படலம். அது செந்துருவை ஓரளவு தடுக்கும், அதைத் தேய்த்து எடுக்கத் தேவையில்லை. செம்பழுப்பாகப் பொடி உதிர்வதுதான் எதிரி. அதை மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். வெட்டியதும் துடைத்து உலர்த்துகிற பழக்கம் உள்ளவர் கார்பனை எடுக்கலாம். பையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவருக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி. உணவுக்கே அதிகம் பயன்படுத்துவீர்கள் என்றாலும் ஸ்டெயின்லெஸ்தான் என் தேர்வு. புதிதாகத் தீட்டிய கார்பன் அலகு புளிப்பான பழத்தில் இரும்புச் சுவையை விட்டுவிடும்.

விக்டோரினாக்ஸ்

கார்ல் எல்செனர் 1884-ல் சுவிட்சர்லாந்தின் இபாக்கில் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்தது. 1891-ல் ஸ்விஸ் ராணுவத்துக்கு வீரர் கத்தி கொடுத்தார். இன்று நாம் பார்க்கிற சிவப்புக் கத்தியின் மூதாதையான அதிகாரிகள் கத்தி 1897-ல் பதிவானது. இதை வெறும் கத்தி என்று எடைபோட்டால் இரண்டாம் இடம்தான். கூடவே கேன் திறப்பான், திருப்புளி, துளையூசி எல்லாம் வருவதை வைத்துப் பார்த்தால், அன்றாடத் தேவைகளில் இதுதான் அதிக முறை கைகொடுக்கும். தளர்ந்த திருகை இறுக்க ஒப்பினெல் முனையை நுழைத்து அதை உடைத்துக்கொள்வதற்குப் பதிலாக, அந்த வேலைக்கான கருவியையே கையில் வைத்திருக்கலாம்.

ஸ்டீல் கொஞ்சம் மென்மையானது, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56-ஐ ஒட்டி. கூர் சீக்கிரம் போகிறது என்று குறை சொல்பவர்கள் இதைத்தான் சுட்டுவார்கள். நான் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. மென்மையான ஸ்டீலின் வாய் அழுத்தம் தாங்காதபோது உடைந்து சிதறாமல் வளையும். வளைந்ததை நாலு இழுப்பில் நிமிர்த்திவிடலாம். பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு ஏறாத வளையம் இருக்குமே, அதில் சில முறை இழுத்தாலே அவசரத்துக்குக் கூர் வந்துவிடும். துருவும் எளிதில் அண்டாது.

சிவப்புப் பிளாஸ்டிக் பிடி 91 மி.மீ. வகையில் சாமணமும் பல்குச்சியும் செருகியிருக்கும். அலாக்ஸ் எனப்படும் அலுமினியப் பிடி 93 மி.மீ. வகையில் அவை இல்லை. ஆனால் பிடி கையில் வழுக்காது, கீழே விழுந்தாலும் உடையாது. இரண்டில் நான் அலாக்ஸ் பக்கம்.

இந்த அளவுகளில் பூட்டு கிடையாது. முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் அலகை நிறுத்துகிறது. ஆகவே முனையால் குத்தித் துளைக்கிற வேலைக்கு அலகைப் பயன்படுத்தாதீர்கள். அது விரல் மேலேயே மடங்கும். துளைக்க ஊசி இருக்கிறது. பூட்டு வேண்டும் என்பவர்களுக்கு 111 மி.மீ. வகை உண்டு. பூட்டு இல்லாததற்குச் சட்டத்தில் ஒரு பயனும் இருக்கிறது. உதாரணமாக பிரிட்டனில், பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மிகாத வெட்டுவாய் கொண்ட மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் காட்டாமல் பையில் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் தகுந்த காரணம் வேண்டும். விதி நாட்டுக்கு நாடு மாறும். போகிற இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டு வகையைத் தீர்மானியுங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோகாமல் பதிவு செய்த பெட்டியில் வையுங்கள்.

கிளிப் வைத்த புதுக் கத்திகள்

1981-ல் ஸ்பைடெர்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி அலகில் வட்டத் துளையும் பிடியில் கிளிப்பும் வைத்த மாடலைக் கொண்டுவந்தது. 80-களில் கத்தி செய்பவரான மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்திய லைனர் பூட்டு இதோடு சேர்ந்தது. பிடியின் உள்ளே இருக்கிற மெல்லிய தகடு வில்போல நகர்ந்து, திறந்த அலகின் அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும். இன்றைய விலை குறைந்த கிளிப் கத்திகளில் பெரும்பகுதி இந்த இரண்டின் வாரிசுதான்.

இதன் பலம் ஒரு கை. ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பவர், கையுறை போட்டவர், நாள் முழுக்க அட்டைப்பெட்டி பிரிப்பவர் ஆகியோருக்கு இரண்டு கையும் நகமும் கேட்கிற கத்தி தொல்லை. அவர்களிடம் நான் ஒப்பினெலைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பலவீனம், பெரும்பாலான மாடல்களில் அலகு 3 மி.மீ. வரை தடிப்பாக இருப்பது. பார்க்க உறுதி, ஆனால் கேரட்டில் இறங்காமல் அதை முறிக்கும்.

ஸ்டீல் பெயர்களால் குழம்ப வைப்பதும் இந்த வகைதான். 8சி.ஆர்.13மோவி சீன ஸ்டீல், ஜப்பானின் ஏ.யூ.எஸ்-8-க்கு நெருக்கமானது, தீட்ட எளிது, கூர் நடுத்தர நாள் நிற்கும். 14சி28என், ஸ்வீடனில் சாண்ட்விக் கம்பெனி உருவாக்கியது. நைட்ரஜன் சேர்த்ததால் துருவை நன்றாகத் தாங்கும், வாயும் நுண்மையாக வரும். விலை குறைந்த கத்திகளில் இந்தப் பெயரைப் பார்த்தால் தயங்காமல் எடுக்கலாம். டி2-வுக்குத்தான் தேவைக்கு மீறிய புகழ். அது உலோகத் தகடு வெட்டும் அச்சுகளுக்கான கருவி ஸ்டீல். 12 சதவீதக் குரோமியம் இருந்தாலும் அதில் நிறைய கார்பனோடு சேர்ந்து கார்பைடாகக் கட்டுண்டு போவதால் முழு ஸ்டெயின்லெஸ் ஆகாது, கடலோரக் காற்றில் புள்ளி விழும். கூர் நெடுநாள் நிற்பது உண்மை. மழுங்கிய பிறகு சாதாரணக் கல்லில் அதைத் திரும்பக் கொண்டுவருவது பாடு. வைரத்தூள் பதித்த தீட்டும் தகடு இல்லாதவர் டி2-வைத் தவிர்ப்பது நல்லது.

கையில் எடுத்ததும் சில சோதனைகள் செய்யுங்கள். திறந்து பூட்டி, அலகைப் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டத்தை அச்சுத் திருகை இறுக்கிச் சரிசெய்யலாம். மேல்கீழ் ஆட்டம் பூட்டின் குறை, அந்தக் கத்தி வேண்டாம். லைனர் தகடு அலகின் அடியில் முழுத் தடிமனும் முட்டி நிற்க வேண்டும்; ஓரத்தில் தொட்டும் தொடாமல் நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த மூன்றுக்கு வெளியே சிலவற்றைப் பெயரளவில் சொல்லி நகர்கிறேன். அமெரிக்காவின் பக் 110 (1964) பூட்டு உறுதி, ஆனால் 200 கிராம் பித்தளையும் மரமும் சட்டைப் பைக்கு ஆகாது, இடுப்பு உறை வேண்டும். பிரான்சின் தியெர் நகரிலிருந்து 1929 முதல் வரும் டூக்-டூக், தகட்டை மடித்துச் செய்த பிடியோடு மிக மெல்லியது. வழக்கமாகக் கார்பன் அலகு, பூட்டு இல்லை. ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமிக்கு ஸ்பிரிங்கூட இல்லை, அலகின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பென்சில் சீவ அருமை, முதல் கத்தியாக அல்ல.

ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு: உணவும் மரமும் என்றால் ஒப்பினெல் 8 ஸ்டெயின்லெஸ், எப்போது எது தேவைப்படும் என்று தெரியாது என்றால் அலாக்ஸ் விக்டோரினாக்ஸ், வேலைத்தளம் என்றால் 14சி28என் அலகுள்ள கிளிப் கத்தி.

பேணுதல்

மடக்குக் கத்தி கெடுவது பெரும்பாலும் வாயில் அல்ல, அச்சில். பாக்கெட்டுப் பஞ்சு, மணல், பழச்சாறு எல்லாம் அங்கேதான் சேரும். விக்டோரினாக்ஸை வெந்நீரில் மூழ்க வைத்துப் பலமுறை திறந்து மூடி, உலர்த்தி, அச்சுகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஒப்பினெலை ஊற வைக்கவே கூடாது. ஈரத்துணியும் பல்குச்சியும்தான் அதற்கு. கிளிப் கத்தியைத் திருகு கழற்றித் திறக்கலாம், பெரும்பாலும் டி6, டி8 நட்சத்திர முனைத் திருப்புளி கேட்கும். திருகு தானாகத் தளர்ந்துகொண்டே இருந்தால் நீல நிறத் திருகுப் பசை ஒரு பொட்டு வையுங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றுவது பெரும்பாடு. எந்தக் கத்தியையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் சமையல் எண்ணெயைத் தவிருங்கள். நாளாக ஆகக் காற்றில் கெட்டிப்பட்டுப் பிசினாகும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் உணவு வெட்டும் அலகுக்கும் ஏற்றது.

தீட்ட, 1000 கிரிட் கல் ஒன்று இருந்தால் பெரும்பாலான வேலை முடியும் (கிரிட் எண் குறைந்தால் கல் சொரசொரப்பு). மிகவும் மழுங்கியிருந்தால் 400. கோணம் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. கோணமானி தேவையில்லை. 2 செ.மீ. அகல அலகின் முதுகைக் கல்லிலிருந்து 5 மி.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 15 டிகிரி. ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே போங்கள். மறுபக்க வாயில் அடியிலிருந்து நுனி வரை மெல்லிய உலோகப் பிசிறு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அது வராமல் பக்கத்தை மாற்றுவதுதான் "எவ்வளவு தேய்த்தும் கூர் வரவில்லை" என்ற புலம்பலுக்குக் காரணம். இரண்டு பக்கமும் பிசிறு வந்த பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் தோல் வாரில் முதுகு முன்னே போகும்படி இழுத்தால் பிசிறு விழும். கம்பி இடுக்கில் வைத்து இழுக்கிற சிறு தீட்டிகள் ஸ்டீலைச் சுரண்டி எடுக்கின்றன, அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குழந்தைக்கு முதல் கத்தி தேடுபவர்களுக்காக ஒப்பினெலும் விக்டோரினாக்ஸும் முனை உருண்ட மாடல்களை விற்கின்றன. ஒப்பினெலின் சிறுவர் கத்தி 7-ம் எண். வளையப் பூட்டு உண்டு. அதைக் கொடுக்கும்போதும் நன்றாகத் தீட்டியே கொடுங்கள். மழுங்கிய கத்தியைக் குழந்தை பலம் கொண்டு அழுத்தும். அப்போதுதான் வழுக்கி விரலில் படும்.