சூதாட்ட விழிப்புணர்வுக்கு நிதி: அரசு மானியமா, சிஎஸ்ஆரா, உள்ளூர் நன்கொடையா?

ஆன்லைன் ரம்மி, மூணு நம்பர் லாட்டரி, கிரிக்கெட் பந்தயம் என்று மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்காக ஒரு விழிப்புணர்வுப் பிரச்சாரம் நடத்த நினைக்கும் சிறு அறக்கட்டளை, தமிழ்நாட்டில் நான்கு வாசல்களைத் தட்டிப் பார்க்கலாம். அரசு மானியம், கம்பெனிகள் சமூகப் பணிக்காகச் சட்டப்படி செலவழிக்கவேண்டிய சிஎஸ்ஆர் பணம், ரோட்டரி, வணிகர் சங்கம் போன்ற உள்ளூர்க்காரர்களின் நன்கொடை, ஆட்டம் நடத்தும் நிறுவனங்களே தரும் பணம். இரண்டு மூன்று தாலுகா அளவில் வேலை செய்பவர்களுக்கு எங்கள் தேர்வு சிஎஸ்ஆர். அதிலும் பல ஆண்டுத் திட்டமாக கம்பெனியின் போர்டு (இயக்குநர் குழு) தீர்மானம் போட்ட சிஎஸ்ஆர் மட்டும். ஓராண்டு சிஎஸ்ஆர் பணம் இந்த வேலைக்கு ஏறக்குறைய பயனில்லை.

காரணம் ஒன்றுதான். போஸ்டர் ஒட்டுவது ஒரு வாரத்து வேலை. அதில் இருக்கும் உதவி எண்ணுக்குப் போன் வருவது மாதக்கணக்கில் நடக்கும். பஸ் ஸ்டாண்டு தூணில் ஒட்டிய போஸ்டரை இன்று பார்த்தவர் இன்றே கூப்பிடுவதில்லை. கடன் செயலிக்காரன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அசிங்கப்படுத்திய அன்றைக்கு, அல்லது மனைவி நகைப்பெட்டியைத் திறந்து பார்த்த அன்றைக்குத்தான் அந்த எண் நினைவுக்கு வரும். அது ஆறு மாதம் கழித்தும் இருக்கலாம். அப்போது மணி அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால், அந்த வீட்டில் இன்னொரு முறை யாரும் உதவி கேட்கமாட்டார்கள். ஆகவே எந்த நிதியைப் பார்த்தாலும் முதல் கேள்வி: போஸ்டர் ஒட்டிப் பதினெட்டு மாதம் கழித்துப் போன் எடுக்கிறவருக்கு இந்தப் பணத்திலிருந்து சம்பளம் வருமா?

ஆட்ட நிறுவனங்களின் பணத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவது, விளம்பரம் செய்வது, அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து தருவது மூன்றையும் தடை செய்தது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரத்துக்கு இரண்டாண்டு, ஐம்பது லட்சம். இப்படிப்பட்ட பணத்தை வாங்கினால் அறக்கட்டளையின் பெயர் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. சட்டப்படி தடை இல்லாத நாட்டிலும் இந்தப் பணம் வாசகத்தையே வளைத்துவிடும். பிரிட்டனில் பந்தயக் கம்பெனிகள் சேர்ந்து போட்ட எச்சரிக்கை வாசகத்தில் 'ஜாலி' என்ற பொருள் தரும் சொல்தான் மற்றச் சொற்களைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது. எச்சரிக்கையே விளம்பரமாகிப்போனது. அங்கே 2025 ஏப்ரல் முதல் விருப்ப நன்கொடைக்குப் பதில் கட்டாயத் தீர்வை வந்துவிட்டது. ஆடுகிறவர்கள் கட்டிய பணத்தில் பரிசாகக் கொடுத்தது போகக் கம்பெனிக்கு மிஞ்சும் வருவாயில் 0.1 முதல் 1.1 சதவீதம். அதில் பாதி சிகிச்சைக்கு, 30 சதவீதம் தடுப்புக்கு, 20 சதவீதம் ஆய்வுக்கு. பணம் கொடுப்பவன் வாசகத்தைத் தொடமுடியாதபடி நடுவில் அரசு நிற்கிறது.

உள்ளூர் நன்கொடை நல்ல பணம், ஆனால் சிறிய பணம். ஒரே கூட்டத்தில் முடிவாகும், மறுநாள் காசோலை கைக்கு வரும். அச்சுக்கூலி, ஆட்டோ ஒலிபெருக்கி வாடகை, மண்டப வாடகை ஆகியவற்றுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. மாதச் சம்பளத்துக்கு இது ஆகாது. யாரும் இரண்டாம் வருடமும் அதே காரியத்துக்குக் கொடுப்பதில்லை. கொடுப்பவர்களின் பெயர்ப் பட்டியல் போஸ்டரில் பாதியை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உதவி எண்தான் பத்தடி தூரத்திலிருந்து தெரியவேண்டிய எழுத்து. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அவர்களுக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அரசு மானியத்தில் இரண்டு சிக்கல். ஒன்று, தலைப்பு. போதைத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தின் பணம் போதைப் பொருளுக்கும் மதுவுக்கும் போடப்பட்டது. சூதாட்டத்தை அதற்குள் திணித்தால் தணிக்கையில் மாட்டும். இரண்டு, தவணை. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளின்படி நடக்கும் மானியங்களில், கொடுத்த பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கவேண்டும், அந்தப் பணம் வங்கியில் ஈட்டிய வட்டியையும் அரசுக்குத் திருப்பிக் கட்டவேண்டும். முதல் தவணையின் சான்று ஏற்கப்பட்ட பிறகே அடுத்த தவணை. இடையில் ஒரு அதிகாரி மாறினால், ஒரு தேர்தல் அறிவிப்பு வந்தால், மூன்று நான்கு மாதம் போய்விடும். கட்டடம் கட்டுகிறவர் அந்த இடைவெளியைத் தாங்குவார். மாதம் இருபதாயிரத்துச் சில்லறை வாங்கும் ஆலோசகர் தாங்கமாட்டார். வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் போனால் அவரிடம் பேசிக்கொண்டிருந்த குடும்பங்களும் போய்விடும்.

ஆனால் அரசிடம் பணத்தைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது: கதவு. முதன்மைக் கல்வி அலுவலர் கையெழுத்து இல்லாமல் பள்ளிக்குள் நுழையமுடியாது. ரேஷன் கடை, அரசுப் பேருந்து, காவல் நிலைய வரவேற்பறை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாமே அனுமதியில் நிற்பவை. சுவர் எழுத்துக்கும் பேனருக்கும் முன் அனுமதி இல்லாவிட்டால் அபராதத்தோடு கெட்ட பெயரும் சேரும். அரசிடம் கேட்கவேண்டியது கதவைத்தான். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வாரம் ஒரு நாள் உங்கள் பரிந்துரைச் சீட்டுகளைப் பார்ப்பார் என்று ஒரு கடிதம் வாங்கிவிட்டால், அது சில லட்ச ரூபாய் மானியத்துக்குச் சமம். மாநிலம் முழுவதும் தொலைக்காட்சி விளம்பரம் என்ற அளவுக்குப் போனால் கணக்கு மாறலாம். அந்த அளவுக்கு அரசுதான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. நாங்கள் சொல்வது தாலுகா அளவுக்கு.

இனி சிஎஸ்ஆர். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழிக்கவேண்டும். வாங்குபவருக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்றாண்டு வேலை அனுபவம், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு வாங்கிய எண் ஆகியவை கட்டாயம். இவை கையில் இல்லாமல் அலைந்து பயனில்லை.

மனுவை 'சூதாட்ட ஒழிப்பு' என்று தலைப்பிட்டால் எந்தத் தலைப்பின் கீழ் வரவு வைப்பது என்று கம்பெனியில் குழம்புவார்கள். எந்த வேலைகள் சிஎஸ்ஆரில் சேரும் என்று சொல்லும் அதே சட்டத்தின் ஏழாம் அட்டவணையின் முதல் இனத்தில் 'நோய்த் தடுப்பு உட்பட மருத்துவப் பராமரிப்பு' இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறுக்குத் தனிக் குறியீடு, 6சி50, இருக்கிறது. இரண்டையும் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அடுத்து வரும் கேள்வி நிச்சயம்: 'தடைதான் வந்துவிட்டதே, இனி எதற்குப் பிரச்சாரம்?' லாட்டரியைத் தமிழ்நாடு 2003லேயே தடை செய்தது. மூணு நம்பர் சீட்டு இன்னும் டீக்கடைப் பக்கத்தில் ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் தடைக்குப் பிறகும் பெயர் மாற்றி வருகின்றன. ஆட்டம் நின்றாலும் ஏற்கெனவே வாங்கிய கடன் நிற்பதில்லை. இந்த மூன்று வரி போதும்.

இப்போது முக்கியமான இடம். வெறும் பிரச்சாரத்துக்கு சிஎஸ்ஆர் பணம் கேட்டால் சட்டப்படியே சிக்கல். மாரத்தான், விருது விழா, விளம்பரம், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆதரவு போன்ற ஒருமுறை நிகழ்வுகள் சிஎஸ்ஆர் செலவில் சேராது என்று அமைச்சகம் 2014 சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. போஸ்டரும் குறும்படமும் மட்டும் உள்ள திட்டம் இதில் அடிபடும். உதவித் தொலைபேசி, ஆலோசனை, மருத்துவமனைக்கு அனுப்பித் தொடர்ந்து கவனிப்பது என்று முழுத் திட்டமாக எழுதி, போஸ்டரை அதன் ஒரு பகுதியாக வைத்தால் நிற்கும். சட்டத்தின் கட்டாயமும் நம் தேவையும் இங்கே ஒரே திசையில் போவது அபூர்வமான வசதி.

'தொடர் திட்டம்' என்ற சொல்லுக்கு விதியில் தெளிவான வரையறை உண்டு: தொடங்கிய நிதியாண்டு போக மூன்று ஆண்டுக்கு மிகாமல் நடக்கும் பல ஆண்டுத் திட்டம். போர்டு அப்படி அங்கீகரித்தால், மார்ச் 31க்குள் செலவாகாத பணத்தைக் கம்பெனி ஏப்ரல் 30க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் அதே வேலைக்குச் செலவழிக்கலாம். அங்கீகரிக்காவிட்டால் மிச்சப் பணம் செப்டம்பர் 30க்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற ஓர் அரசு நிதிக்குப் போயாகவேண்டும். உங்கள் கணக்கில் பணம் ஏறியதாலேயே அது 'செலவு' ஆகிவிடாது, நீங்கள் உண்மையில் செலவழித்தால்தான் ஆகும் என்பதும் அமைச்சகத்தின் விளக்கம். இதனால் என்ன நடக்கிறது என்றால், ஓராண்டுத் திட்டத்தில் பிப்ரவரி மாதம் கம்பெனியிலிருந்து போன் வரும்: மிச்சத்தை மார்ச்சுக்குள் முடியுங்கள். ஒரு மாதத்தில் செலவழிக்கக்கூடியது அச்சு ஒன்றுதான். ஐம்பதாயிரம் துண்டுப்பிரசுரம் வந்து இறங்கும், ஏப்ரலில் ஆலோசகருக்குச் சம்பளம் இருக்காது. இப்படி மாட்டிக்கொண்டால் ஒரு வழி: முதலில் ஓராண்டுக்கு அங்கீகரித்த திட்டத்தையும் தக்க காரணம் காட்டிப் போர்டு நீட்டிக்கலாம், அதுவும் தொடர் திட்டமாகவே கருதப்படும். அந்தக் கடிதத்தை ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். போர்டு கூட்டம் உங்களுக்காகக் கூடாது.

சம்பளம் என்றால் முகம் சுளிக்கும் சிஎஸ்ஆர் அதிகாரிகள் உண்டு. 'நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்' என்பார்கள். அந்த 5 சதவீதம் கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் செலவுக்கு. கல்வித் திட்டத்தில் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவே என்று அமைச்சகத்தின் 2021 ஆகஸ்ட் விளக்கத்தில் எழுத்திலேயே இருக்கிறது. ஆலோசகர் சம்பளமும் அதே வகைதான். அந்தப் பக்கத்தை அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.

இரண்டு தாலுகாவுக்கு, 24 மாதத்துக்கு, 18 லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதிரிக் கணக்கு இப்படி வரும். மாதம் 22,000 வீதம் இரண்டு ஆலோசகர்கள்: 10.56 லட்சம். அவர்களை மேற்பார்வையிடும் மனநல நிபுணருக்கு மாதம் 8,000: 1.92 லட்சம். போஸ்டர், சுவர் எழுத்து, ஆட்டோ: 2.5 லட்சம். ஊர்க்கூட்டம் 60, ஒன்றுக்கு 2,500: 1.5 லட்சம். போன் இணைப்பும் பதிவேடும் 50,000, தணிக்கை 60,000, எதிர்பாராத செலவு 42,000. அச்சுக்கு ஏழில் ஒரு பங்கு கூட இல்லை. கம்பெனிகள் இந்த விகிதத்தைத் தலைகீழாகக் கேட்கும். விட்டுக்கொடுக்காதீர்கள். அவசியமானால் 60 கூட்டத்தை 40 ஆக்குங்கள், இரண்டாவது ஆலோசகரை வெட்டாதீர்கள். ஒருவர் மட்டும் இருந்தால் அவர் விடுப்பு எடுக்கும் நாளில் எண் செத்துவிடும்.

எந்தக் கம்பெனி என்பதிலும் கவனம் வேண்டும். கடன் செயலி நடத்தும் நிறுவனத்தின் பணம் வேண்டாம். கூப்பிடுகிறவர்கள் ஓடி ஒளிவதே அவர்களிடமிருந்துதான். மில், பனியன் கம்பெனி போன்றவை ஆர்வம் காட்டும், சம்பள நாளில் தொழிலாளி கையிலிருந்து பணம் போவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கிறார்கள். ஆனால் தன் ஊழியருக்கு மட்டுமான திட்டம் சிஎஸ்ஆர் ஆகாது. வட்டாரம் முழுவதற்கும் என்று எழுதவேண்டும், அப்படியே நடத்தவும் வேண்டும். கம்பெனி லோகோ போஸ்டரின் ஓரத்தில் சிறியதாக இருக்கட்டும். முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே தொழிலாளி கூப்பிடமாட்டார். சீட்டுக்கட்டு, பறக்கும் ரூபாய் நோட்டுப் படங்களையும் தவிர்த்துவிடுங்கள். விடத் தவிக்கிறவருக்கு அந்தப் படமே தூண்டில்.

அறிக்கையில் 'சென்றடைந்தோர் இரண்டு லட்சம்' போன்ற எண்களை ஒப்புக்கொள்ளாதீர்கள். வந்த அழைப்பு, எடுத்த அழைப்பு, இரண்டாம் முறை பேசியவர்கள், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் என்ற நான்கு எண் போதும். 'விட்டவர்கள் எத்தனை' என்று கேட்டால் எண் தராதீர்கள். இதில் திரும்ப விழுவது சகஜம், யாராலும் நேர்மையாக அந்த எண்ணைத் தரமுடியாது. கூப்பிடுவது பெரும்பாலும் ஆடுகிறவர் அல்ல, மனைவியோ அம்மாவோதான். அவர்களின் முதல் கேள்வி கடனைப் பற்றி இருக்கும். ஆகவே ஆலோசகருக்கு மனநலப் பயிற்சியோடு, இணையப் பணமோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் எதைச் சொல்லவேண்டும், எந்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்கக்கூடாது என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

சொந்த எண்ணே எதற்கு, 24 மணி நேரமும் தமிழில் பேசும் அரசு மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐ மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பது நியாயம். ஆலோசகருக்குப் பணமே கிடைக்காத நிலையில் அதைத்தான் செய்யவேண்டும். ஆனால் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்துக் கடன் பட்டியல் எழுதுவது அந்த எண்ணால் ஆகாது. இரண்டையும் போடுங்கள்: மேலே உள்ளூர் எண், கீழே 14416. உள்ளூர் எண்ணை ஊழியர் பெயரில் இல்லாமல் அறக்கட்டளை பெயரில் வாங்குங்கள். போஸ்டரில் அந்த எண்ணைத் தனிக் கட்டத்துக்குள் அச்சிடுங்கள். திட்டம் முடிந்து போன் எடுக்க ஆள் இல்லாத நாள் வந்தால், அதே அளவில் 14416 மட்டும் அச்சிட்ட ஒட்டுத்துண்டை அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டிவிடலாம். அதற்கான அச்சுக்கூலியையும், ஒட்டுவதற்கு ஆள் ஒருவருக்கு நான்கு நாள் கூலியையும் எதிர்பாராத செலவு 42,000லிருந்து முதல் மாதமே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.