காரைக்குடி சர்க்கரை கிளினிக்: டாக்டர் அருமை, மற்றதெல்லாம் சுமார்

விசேஷ வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வெல்லம் போதுமா என்று மாவை நாக்கில் வைத்துப் பார்க்காமல் கந்தரப்பம் ஊற்றுகிற ஆள் நான் இல்லை. அப்படிப்பட்டவளுக்குச் சர்க்கரை ஏறி, மாத்திரைக்கும் அடங்காமல் போனதால் இந்த கிளினிக். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேனே.

முதலில் நல்லது. "இன்சுலின் ஊசி எதுக்கு டாக்டரம்மா, மாத்திரையையே கூட்டிக் கொடுங்களேன்" என்றேன். சலிக்காமல் சீட்டைத் திருப்பிப் போட்டுக் கணையத்தை வரைந்தார். அதற்குள் பொட்டுப் பொட்டாகத் திட்டுகள். 1869-இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் கண்டு எழுதியவை. ரத்தத்தில் சர்க்கரையை அடக்கி வைக்கும் இன்சுலின் சுரப்பது அங்கேதான். "கணையத்தில் இதுங்க நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான் ஆச்சி. ஆனா கணையத்துக்கு வர்ற ரத்தத்துல பத்துப் பதினஞ்சு பங்கு இதுங்களுக்கே போகுது" என்றார். ஏன் இவ்வளவு சலுகை? ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று நொடிக்கு நொடி பார்த்து அளந்து விட வேண்டுமே. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் சல்லடைபோல் ஓட்டைகள். இன்சுலின் சட்டென்று ரத்தத்தில் கலந்துவிடும்.

அந்த ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. ஏறக்குறையப் பாதி இன்சுலினைக் கல்லீரலே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் உடம்புக்கு விடுமாம். வயிற்றில் போடும் ஊசியோ தோலுக்கடியிலிருந்து மெல்ல ஏறி, உடம்பைச் சுற்றித்தான் கல்லீரலுக்கு வரும். அதனால்தான் போட்டுக்கொள்ளும் நேரத்தில் அவ்வளவு கறார். இப்படி யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் ஏன் முரண்டு பிடிக்கிறேன்?

கவுனி அரிசியையும் கேட்டேன். கறுப்பாக இருந்தாலும் அரிசி அரிசிதான், அதில் நீங்கள் போடும் சீனியையும் கணக்கில் வையுங்கள் என்றார். சரி, வாயை மூடிக்கொண்டேன்.

இனிக் குறை. வெறும் வயிற்றோடு காலை எட்டு மணிக்கு வரச் சொல்கிறார்கள். ரத்தம் எடுக்கிற பிள்ளை ஒன்பதரைக்குத்தான் வருகிறது. அதுவரை வயசானவர்கள் வாடிக்கிடக்கிறார்கள். உணவுப் பட்டியல் என்று ஒரு தாள் தருகிறார்கள்: ஓட்ஸ், ப்ரோக்கோலி. பள்ளத்தூரில் எந்தக் கடையில் ப்ரோக்கோலி வாங்குவது? மூன்று மாசச் சராசரி பார்க்கும் டெஸ்டுக்குத் தனிக் காசு, முன்கூட்டிச் சொல்வதில்லை.

டாக்டருக்காகப் போகலாம். ரத்தம் கொடுத்ததும் சாப்பிட இரண்டு இட்லி கையோடு கொண்டு போங்கள். கிளினிக் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது.