தெரிந்த கோப்புகளை ஒதுக்க எந்த ஹாஷ் ஏற்றது?

கணினித் தடயவியலில் ஒரு வட்டை ஆராய்பவர், அதில் மலிந்திருக்கும் இயங்குதளக் கோப்புகளையும் செயலிக் கோப்புகளையும் முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றையே கூர்ந்து பார்க்கிறார். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற குறுகிய மதிப்பு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் பராமரிக்கும் என்எஸ்ஆர்எல் போன்ற, தெரிந்த மென்பொருள் கோப்புகளின் ஹாஷ் பட்டியல்கள் இதற்குத் துணை நிற்கின்றன. கோப்பின் பெயரையும் தேதியையும் எவரும் மாற்றிவிடலாம். ஆனால் உள்ளடக்கத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் அடியோடு மாறிவிடும்.

1992இல் வெளியான எம்டி5 என்ற ஹாஷ், 128 பிட் நீளமுடையது. பழைய பட்டியல்கள் பலவற்றிலும் இதுவே இருக்கிறது. ஒரே எம்டி5 மதிப்புள்ள இரு வேறு உள்ளடக்கங்களை உருவாக்க முடியும் என்பது 2004இல் நிரூபிக்கப்பட்டது. 160 பிட் ஷா-1க்கும் அதே கதி 2017இல் நேர்ந்தது: கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஒரே ஹாஷ் கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன.

இதனால் இவ்விரண்டும் அறவே பயனற்றவை என்று சொல்வது அவசர முடிவு. ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒரு கோப்பின் ஹாஷுக்குப் பொருந்தும்படி வேறொரு கோப்பைச் செய்வது எம்டி5இல்கூட நடைமுறையில் இன்றுவரை சாத்தியமாகவில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தீங்கற்றது ஒன்று, தீங்கானது ஒன்று என இரு கோப்புகளையும் ஒரே ஹாஷ் வருமாறு முன்கூட்டியே தயாரிப்பவர், தீங்கற்றதை மென்பொருளாக வெளியிட்டுப் பட்டியலில் ஏறச் செய்துவிட்டால், மற்றது 'தெரிந்த கோப்பு' என்ற பெயரில் ஆய்வாளரின் கண்ணில் படாமலே தப்பிவிடும். 256 பிட் நீளமுடைய ஷா-256 என்ற ஹாஷில் இத்தகைய இணை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை என்பதால், புதிய பட்டியலுக்கு அதையே நான் பரிந்துரைப்பேன். கணக்கிடக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வட்டிலிருந்து படிக்கும் நேரமே பெரும்பாலும் அதைவிட அதிகம்.

எஸ்எஸ்டீப் போன்ற ஒப்புமை ஹாஷ்கள் 'இதுவே அதுவா' என்று பார்ப்பதில்லை. 'இது அதைப்போல் இருக்கிறதா' என்றே பார்க்கின்றன. ஒரு தீநிரலின் திருத்தப்பட்ட வடிவங்களைத் தேட அவை அருமையான கருவிகள். ஒதுக்குவதற்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்தவே கூடாது. ஏனெனில் மூலத்தோடு பெரிதும் ஒத்திருந்து சிறிதளவே மாற்றப்பட்ட கோப்புதான் ஆய்வாளர் தவறவிடக் கூடாத கோப்பு.

எந்த ஹாஷானாலும், பொருத்தம் என்பது அடையாளத்தை மட்டுமே சொல்லும், நற்சான்று தராது. என்எஸ்ஆர்எல் தொகுப்பில் தகவலை மறைத்தனுப்பும் கருவிகளின் ஹாஷ்களும் உண்டு. சொந்தப் பட்டியல் வைத்திருப்போர், மூலக் கோப்புகள் கைவசம் இருக்கும்போதே எம்டி5உடன் ஷா-256ஐயும் கணக்கிட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். கோப்பு போய்விட்டால், எம்டி5 மதிப்பிலிருந்து ஷா-256ஐப் பெற வழியே கிடையாது.