பெரிய பிளானா, ஒரு கேபிளா? நின்று நின்று ஓடும் வீடியோவுக்கு எது தீர்வு

படம் நடுவில் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் பெரும்பாலானோர் முதலில் யோசிப்பது இன்டர்நெட் பிளானைப் பெரிதாக்குவதைத்தான். மாதாமாதம் கூடுதலாகப் பணம் போகும் வழி அது. அதனால் அதைக் கடைசியில் வைத்துப் பார்ப்பதே நல்லது என்பேன்.

கணக்கைப் பாருங்கள். 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் இருந்தால் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். யூடியூப் 4கே-வுக்கு 20 கேட்கிறது. வீட்டில் 50 எம்பிபிஎஸ் பிளான் இருக்கிறது, ஒரே ஒரு டிவிதான் ஓடுகிறது, அதிலும் 1080பி படமே திணறுகிறது என்றால், குறை பெரும்பாலும் பிளானில் இல்லை. ரவுட்டருக்கும் டிவிக்கும் நடுவில் உள்ள சில மீட்டர் தூரத்தில்தான் இருக்கும்.

அதை உறுதிசெய்வது எளிது. போனை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஸ்பீட் டெஸ்ட், டிவிக்குப் பக்கத்தில் வைத்து இன்னொன்று. ஃபாஸ்ட்.காம் நெட்ஃபிளிக்ஸின் சொந்த சர்வர்களிலிருந்தே வேகத்தை அளப்பதால் இதற்கு ஏற்றது. முதல் அளவு நன்றாக இருந்து இரண்டாவது விழுந்தால், பிரச்சினை வீட்டுக்குள். இரண்டுமே மோசம் என்றால் வெளியிலிருந்து வரும் லைனையும் ரவுட்டரையும் சந்தேகிக்கலாம்.

இன்னொரு தடயமும் உண்டு. இந்த வீடியோக்கள் ஒரே கோப்பாக வருவதில்லை. சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வருகின்றன. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் ஒரு துண்டுக்கு 6 விநாடி என்பது பரிந்துரை. ஒவ்வொரு துண்டும் சர்வரில் பல தரங்களில் தயாராக இருக்கும். நெட் மெதுவானால் பிளேயர் தானாகவே தாழ்ந்த தரத்துக்கு இறங்கிக்கொள்ளும். ஆகவே வேகம் சீராகக் குறைந்திருந்தால் படம் மங்கலாகும், ஆனாலும் ஓடும். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த படம் திடீரென்று நிற்கிறது என்றால், இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்று அர்த்தம். அதற்குப் பெரிய பிளான் மருந்தாகாது.

பெரிய பிளான் வெல்லும் இடங்களும் இருக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று திரைகளில் 4கே ஓடுகிறது, கூடவே ஒருவர் பெரிய கேமை டவுன்லோடு செய்கிறார் என்றால் வேறு வழியில்லை. ஆனால் மாலை நேரத்தில் மட்டும், அதுவும் கேபிளில் இணைத்த கம்ப்யூட்டரிலும் வேகம் விழுந்தால், அது நிறுவனத்தின் பக்கத்து நெரிசல். அதே லைனில் பெரிய பிளான் வாங்குவதைவிட, எந்த நேரத்தில் எவ்வளவு வந்தது என்று குறித்துவைத்துப் புகார் கொடுப்பது மேல்.

யாரோ ஒருவருடைய போன் நூற்றுக்கணக்கான போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றும்போது மட்டும் படம் நிற்கிறதா? அப்லோடு நிரம்பி ரவுட்டரில் வரிசை நீண்டு கிடக்கிறது. சில ரவுட்டர்களில் இந்த வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் எஸ்க்யூஎம் என்ற அமைப்பு இருக்கும். அதை இயக்கி, லைனின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் குறைவாக எண்ணைக் கொடுத்தால் அந்த வரிசை சுருங்கிவிடும். காசில்லாமல் கிடைக்கும் தீர்வு இது. இருந்தும் பலருக்கு இது தெரியாமல் இருப்பது வருத்தம்தான்.

சரி, வீட்டுக்குள் வருவோம். இங்கே உண்மையான போட்டி கேபிளுக்கும் வைஃபைக்கும்தான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதே மூன்றைத்தான் பங்குபோடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில் இயங்குபவை. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் கான்கிரீட் சுவர் ஒன்றிரண்டு குறுக்கே வந்தாலே தளர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ டிவி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 5-ஐத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் டிவி எதைப் பிடித்திருக்கிறது என்றே தெரியாது. தனித்தனிப் பெயர் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எப்போதாவது 5-இல் ஓடும்போது இணைப்பு முழுவதுமாக அறுந்து, சிறிது நேரத்தில் திரும்பினால், சேனல் எண்ணைக் கவனியுங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருடன் பங்குபோடப்படுபவை. ரேடார் தென்பட்டதாக ரவுட்டர் கருதினால் அந்தச் சேனலை விட்டு விலகியே ஆக வேண்டும். சேனலை 36-க்கு மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

இதெல்லாம் இல்லாதது கேபிள். கேட் 5இ வகை 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். கேபிளைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள்: பல ஸ்மார்ட் டிவிகளின் ஈத்தர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், நல்ல வைஃபை ஸ்பீட் டெஸ்டில் அதைத் தாண்டிவிடுகிறது என்று. உண்மைதான். ஆனால் 4கே-வுக்குத் தேவை 15 முதல் 25 வரை. 100 சீராக வருவது, 300-க்கும் 10-க்கும் இடையே ஊசலாடுவதைவிட எவ்வளவோ உயர்ந்தது. கேபிள் இழுக்க முடிந்த வீட்டில் வேறெதையும் பரிசீலிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

இழுக்க முடியாத வீடுகளுக்கு மூன்று மாற்று வழிகள். ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் விலை குறைவு. ஆனால் ஒரே பேண்டில் (அலைவரிசையில்) வாங்கி அதே பேண்டில் திருப்பி அனுப்பும் வகையில் வேகம் ஏறத்தாழ பாதியாகும். டிவிக்குப் பக்கத்தில் அதை மாட்டுவதால் பயனில்லை. நல்ல சிக்னல் இன்னும் வரும் நடுவழியில் வைக்க வேண்டும். பவர்லைன் அடாப்டர் மின்கம்பி வழியாகவே நெட்டை அனுப்புகிறது. எல்லாம் வயரிங்கைப் பொறுத்தது. ஒரு வீட்டில் பிரமாதமாக இருக்கும், அடுத்த வீட்டில் எதற்கும் ஆகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் நேராகச் சுவர் பாயின்டில் செருகுங்கள். திருப்பித் தரும் வசதியோடுதான் வாங்க வேண்டும். மூன்றில் நம்பகமானது மெஷ், அதாவது வீட்டில் அங்கங்கே வைத்த சில யூனிட்டுகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் அமைப்பு; குறிப்பாக யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி பேண்ட் வைத்திருக்கும் வகை. விலைதான் அதிகம்.

இதெல்லாம் செய்தும் படம் வெட்டி வெட்டி ஓடினால் குற்றவாளி டிவியாகவே இருக்கலாம். யூடியூபில் ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்து பாருங்கள். பஃபர் ஹெல்த் (முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கும் வீடியோ) பல விநாடிகள் இருந்தும் டிராப்ட் ஃபிரேம்ஸ் (காட்டாமல் விடுபட்ட படச்சட்டங்கள்) ஏறிக்கொண்டே போனால் நெட்டில் குறையில்லை. டிவியின் பிராசஸரால் வீடியோவைப் பிரிக்க முடியவில்லை. பழைய டிவியில் ஏவி1 போன்ற புது வீடியோ வடிவங்களுக்கு ஹார்டுவேர் இருக்காது. அப்போது புது டிவியைவிட ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்குவது புத்திசாலித்தனம். ஸ்டிக்கை டிவியின் முதுகில் ஒட்டினாற்போல் செருகினால் வைஃபை சிக்னல் மறைபடும். சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் போட்டு வெளியே இழுத்துவிடுங்கள்.

வட்டம் சுற்றுவதும், பிழைச் செய்தி வந்து படம் மூடிக்கொள்வதும் இரண்டு வேறு நோய்கள். பிழைச் செய்திக்கு பிளானும் உதவாது, மெஷ்ஷும் உதவாது. டிவியின் தேதி, நேரம் தப்பாக இருந்தாலே பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாமல் போய் ஆப் திறக்காது. விபிஎன் போட்டிருந்தால் சில சேவைகள் மறுத்துவிடும். எச்டிசிபி (எச்டிஎம்ஐ வழியே போகும் படத்தை நகலெடுக்க விடாத பாதுகாப்பு) என்று செய்தி வந்தால் எச்டிஎம்ஐ வழியைப் பாருங்கள்: நடுவில் உள்ள ஸ்பிளிட்டரையோ சவுண்ட்பாரையோ விலக்கி நேராக டிவியில் இணைத்தால் தெரிந்துவிடும். 4கே-வுக்கு அந்த வழியில் உள்ள எல்லாச் சாதனங்களும் எச்டிசிபி 2.2 வகையாக இருக்க வேண்டும்.

அப்புறம்தான் ஆப். கேச், அதாவது ஆப் சேர்த்துவைத்திருக்கும் தற்காலிகத் தரவை அழிப்பதில் ஆரம்பியுங்கள். அது போதவில்லை என்றால் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். டிவியை மொத்தமாக ஃபேக்டரி ரீசெட் செய்வது இவை இரண்டும் தோற்ற பிறகுதான்; அதற்கு முன் எல்லா ஆப்களின் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.